துடைப்பத்தின் காம்பு

வீட்டுத் துடைப்பத்துக்குத் தனிக் காம்பு கிடையாது. மண்வெட்டிக்கும் கோடரிக்கும் மரத்தில் காம்பு செய்து செருகுகிறார்கள். முறிந்தால் வேறு போடுகிறார்கள். துடைப்பத்தில் ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டிய இடமே பிடி. பூந்துடைப்பத்திலும் அப்படித்தான், புல்லின் தண்டுகளைத் திரட்டிப் பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டிவிட்டால் பிடி முடிந்தது. ஈர்க்கு எவ்வளவு நீளமோ, புல் எவ்வளவு நீளமோ, துடைப்பமும் அவ்வளவுதான். கூட்டுகிறவரின் உயரம் அதில் எங்கும் கணக்கில் வருவதில்லை. நீளத்தையும் சாய்வையும் பருமனையும் மாற்றிக்கொள்ளத்தக்க ஒரு காம்பைத் தனியாகச் செய்து, துடைப்பம், தேய்க்கிற பிரஷ், ஒட்டடைக்குச்சி என்று எதன் தலையிலும் பூட்டிக்கொள்ள முடியுமா என்பது பொருள் வடிவமைப்பில் பழைய கேள்வி. மேலைநாட்டு வீடுகளுக்கு இதற்கு ஒரு விடை கிடைத்து, அது இங்கே கடைக்கும் வந்துவிட்டது. ஆனால் நம் வீடுகளில் அந்த விடை பாதிதான் செல்லுபடியாகிறது.

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எட்டாவது கிராஸ், சம்பிகே ரோடு பக்கத்துக் கடை வாசல்களில் இரண்டு உலகமும் அருகருகே தொங்கும். ஒரு பக்கம் கட்டி பொரகே, ஹுல்லு பொரகே. கன்னடத்தில் கட்டி என்றால் குச்சி, ஹுல்லு என்றால் புல். மறு பக்கம் பளபளக்கும் குழாய் போட்ட மாப்புகளும் வைப்பர்களும். முன்னதற்குக் காம்பு இல்லை, பின்னதற்குக் காம்புதான் விலையே. தமிழில் இந்தப் பொருளுக்கு ஊருக்கொரு பெயர் உண்டு: துடைப்பம், விளக்குமாறு, சீமாறு, தெற்கே வாரியல். இவை எல்லாமே செய்யும் வேலையைச் சொல்கின்றன, துடைப்பது, விளக்குவது, சீப்பது, வாருவது. ஒன்றிலும் காம்பு இல்லை. ஈழத்தில் மட்டும் ‘தும்புத்தடி’ என்று ஒரு சொல் புழங்குகிறது. தென்னந்தும்பைத் தலையாகவும் நீண்ட தடியைக் காம்பாகவும் கொண்டது அது, நிமிர்ந்து நின்று கூட்டுவது. தடி இருக்கும் இடத்தில் பெயரிலும் தடி வந்துவிட்டது.

காம்பு இல்லாததன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஈர்க்குத் துடைப்பம் ஏறக்குறைய 90 செ.மீ. நீளம். அதைச் செங்குத்தாகப் பிடித்துக் கூட்டுவதில்லை. ஈர்க்கின் நுனிகள் தரையோடு படுத்து இழுபடவேண்டும் என்பதால் தரைக்கு 30 பாகை அளவில் சாய்த்துப் பிடிக்கிறார்கள். அப்போது பிடி இருக்கும் உயரம் 45 செ.மீ., முழங்காலுக்குச் சற்று மேலே. இந்தியப் பெண்களின் சராசரி உயரமான சுமார் 152 செ.மீ. கொண்ட ஒருவர் நிமிர்ந்து நிற்கும்போது முழங்கை இருப்பது 96 செ.மீ. அளவில். இடையே உள்ள அரை மீட்டரைக் கை கொஞ்சம் நீண்டு ஈடுகட்டுகிறது, மிச்சத்தை முதுகு வளைந்து ஈடுகட்டுகிறது.

அப்படியானால் துடைப்பத்தை நீளமாக்கினால் போதுமே என்று தோன்றும். நேர்க்கோட்டில் ஒரு கம்பைச் சேர்த்து நிமிர்ந்து நின்று கூட்டிப் பார்த்தால் வேறொரு தொல்லை தெரியும். கம்பு செங்குத்தாக நிற்க, ஈர்க்குகளும் செங்குத்தாக நின்று தரையைக் கீறும். தூசி வாரப்படாமல் பறக்கும். துடைப்பத்தின் தலை 30 பாகையிலேயே படுத்திருக்க, காம்பு மட்டும் 50 பாகையில் எழ வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் 20 பாகை மடிப்பு தேவை. நீளத்தைவிட இந்த மடிப்புதான் முக்கியம். கடையில் வரும் நீட்டுக் காம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. அவை தட்டையான மாப்புத் தலைக்காகவும் தேய்க்கும் பிரஷுக்காகவும் அமைக்கப்பட்டவை. இந்த மடிப்போடு 152 செ.மீ. உயரமுள்ளவருக்குச் சேர்க்க வேண்டிய காம்பு 67 செ.மீ. அளவுக்கு வருகிறது. 140 செ.மீ. உயரமுள்ளவருக்கு 56, 170 உள்ளவருக்கு 81. ஆக 25 செ.மீ. நீண்டு சுருங்கும் காம்பு ஒன்று கிட்டத்தட்ட எல்லோருக்கும் போதும். இந்திய உடல்களை அளந்து தொகுத்த கைநூல் இல்லாமல் இல்லை. தேப்குமார் சக்ரவர்த்தியின் நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் வெளியிட்டது. மல்லேஸ்வரத்தின் வடக்கே இந்திய அறிவியல் கழகத்தில் பொருள் வடிவமைப்புக்கென்றே ஒரு துறையும் இருக்கிறது. அளவுகளும் அறிவும் எட்டும் தூரத்தில் இருந்தும் துடைப்பம் மாறாததற்குக் காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும்.

அதில் ஒரு பங்கு தெருவின் அமைப்பிலேயே இருக்கிறது. 1898இல் பெங்களூரில் பிளேக் பரவியதை அடுத்து, நெரிசலான பேட்டையிலிருந்து மக்களைக் காற்றோட்டமான இடங்களுக்கு நகர்த்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வளர்க்கப்பட்டன. சுகாதாரத்தை மனத்தில் வைத்துக் கோடு போட்ட பேட்டைகள் இவை. மல்லேஸ்வரத்து வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் இன்றும் ஒடுக்கமான சந்துகள் ஓடுகின்றன, கன்சர்வன்சி லேன் என்று பெயர். கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருபவர் வீட்டின் முன்பக்கம் தென்படாமல் பின்வழியாகவே வந்து போவதற்காக விடப்பட்டவை. துப்புரவு செய்பவருக்கு ஊர் ஒரு வழியைத் தனியாக ஒதுக்கிக் கொடுத்திருந்தது, கையிலிருந்த கருவியைத்தான் யாரும் கவனிக்கவில்லை. கூட்டுபவர் பெண், கூட்டுபவர் இன்ன சாதி, கூட்டுபவர் சம்பளத்துக்கு வருபவர் என்றானபின் அவருடைய முதுகு வாங்குபவரின் கணக்கில் வருவதில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை அல்ல. கலிஃபோர்னியாவின் கீரைத் தோட்டங்களில் மெக்சிகோக் கூலிகளுக்கு இரண்டடிக்கும் குறைவான காம்பு போட்ட களைக்கொத்து கொடுக்கப்பட்டது. ஸ்பானிஷில் அதன் பெயர் ‘எல் கோர்த்தீத்தோ’, குட்டையன். நீளக் காம்பு போட்டால் செடி சேதமாகும் என்றார்கள் தோட்ட முதலாளிகள். குனிந்த முதுகுகளுக்கு நடுவே நிமிர்ந்தவர் யார் என்று மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரியும் என்பது அவர்கள் வெளியே சொல்லாத வசதி. முதுகு கெட்டுப்போன தொழிலாளர்கள் வழக்காடினார்கள். மாநில உச்சநீதிமன்றத்தின் 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பை அடுத்து அந்தக் கருவி விலக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அங்கே கீரை விளைந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு கைப்பிடியின் நீளத்தை நீதிமன்றம் எடைபோட்ட அபூர்வமான வழக்கு அது.

நீளத்தை மாற்றும் உத்திக்கு வருவோம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களை எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்த மூன்று வகைப் பூட்டுகள் புழக்கத்தில் இருக்கின்றன. மலிவான மாப்புகளில் இருப்பது திருகுப் பூட்டு. உள்குழாயின் நுனியில் மையம் தப்பிய நைலான் வட்டு ஒன்று இருக்கும். குழாயைத் திருகினால் வட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி வெளிக்குழாயின் உட்சுவரை நெருக்கிப் பிடிக்கும். எந்த நீளத்திலும் நிற்கும் என்பது இதன் பெருமை. பிடிப்பு முழுக்க உராய்வை நம்பியிருப்பது இதன் கேடு. சோப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினாலோ நைலான் தேய்ந்தாலோ, அழுத்தித் தேய்க்கிற நேரம் பார்த்துக் காம்பு சர்ரென்று உள்ளே போய்விடும். ஈரக் கை கொண்டு அதை மறுபடி திருகுவது இன்னும் கஷ்டம். மூட்டுவாதக்காரருக்கு அது முடியவே முடியாது. இரண்டாவது, சைக்கிள் சீட்டை ஏற்றி இறக்கும் கவ்வியைப் போன்றது. நன்றாகப் பிடிக்கும், ஆனால் புறத்தே துருத்திக்கொண்டு புடவையிலும் திரைச்சீலையிலும் மாட்டும். மூன்றாவது பொத்தான் பூட்டு. வளைத்த ஸ்பிரிங் தகட்டின் முனையில் உள்ள குமிழ் வெளிக்குழாயின் துளையில் ‘டக்’கென்று வந்து உட்காரும். மருந்துக்கடையில் விற்கும் அலுமினிய ஊன்றுகோலில் இருப்பது இதுதான். ஒரு முதியவரின் முழு எடையையும் நம்பி ஒப்படைக்கிற பூட்டு துடைப்பத்துக்குப் போதாமல் போகாது. இரண்டு துளைகளுக்கு நடுவிலுள்ள நீளம் கிடைக்காது என்பது குறை, 2.5 செ.மீ.க்கு ஒரு துளை போட்டால் யாரும் அதை உணரமாட்டார்கள்.

நீளம் கூடக் கூட வேறொரு விதி குறுக்கே வருகிறது. ஒரு முனையைப் பிடித்து நீட்டிய கம்பின் மறுமுனையில் ஒரு பாரம் தொங்கினால், நீளம் இரட்டிப்பாகும்போது நுனி எட்டு மடங்கு தொய்கிறது. மேலிருந்து அழுத்தும்போது நெளிந்துவிடாமல் தாங்கும் வலுவும் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. கூட்டுவதற்கான காம்பில் இது பொருட்டில்லை. ஒட்டடை அடிப்பதில்தான் வெளிப்படும். மல்லேஸ்வரத்தில் எஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடுகளின் உத்தரம் வரை எட்ட, கழுத்தை நிமிர்த்தியபடி ஆடும் குழாயோடு போராட வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் இதற்கு மூங்கிலே போதுமானதாக இருந்தது. அடியில் பருத்து நுனியில் சிறுத்து உள்ளே கூடாக இருப்பதால், எடையின் பெரும்பகுதி கைக்கு அருகிலேயே தங்கிவிடுகிறது. பொறியாளர் கணக்குப் போட்டுச் செய்திருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் செய்திருப்பார். மாங்காய் பறிக்கும் துறட்டிக்கும் வெள்ளையடிப்பவரின் மட்டைக்கும் அதே மூங்கில். நீளம் மாற்ற வேண்டுமென்றால் இரண்டைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள்.

காம்பின் மறுமுனை, அதாவது தலையோடு சேரும் இடம், இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் துடைப்பத் தலைகளுக்கு முக்கால் அங்குலப் பருமனும் அங்குலத்துக்கு ஐந்து புரியும் கொண்ட மரை நெடுங்காலமாகப் பொது அளவாக இருக்கிறது. ஐரோப்பியப் புரி வேறு. ஒன்று மற்றதில் ஏறாது. இங்கே பொது அளவென்று ஒன்று கடைகளில் தென்படுவதில்லை. ஒரு கம்பெனியின் குழாய் இன்னொன்றின் தலையில் பொருந்தினால் அது அதிர்ஷ்டம். புரி, மரை எல்லாம் அச்சில் வார்த்த தலைக்குத்தான். ஈர்க்குக் கட்டுக்கு என்ன செய்வது? அது ஒரே பருமனில் இருப்பதுமில்லை. காய்ந்தால் சுருங்கும், நாளுக்கு இரண்டு மூன்று ஈர்க்காக உதிர்ந்து மெலியும். இன்று இறுக்கிய கவ்வி அடுத்த மாதம் லொடலொடக்கும்.

இதற்கான விடை துடைப்பத்தை அன்றாடம் எடுப்பவர்களிடமே இருக்கிறது. கட்டு தளர்ந்தால் துடைப்பத்தைத் தலைகீழாக, அதாவது பிடிப்பக்கம் தரையில் படும்படி, இரண்டு தட்டுத் தட்டுவார்கள். ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலிவது. தட்டும்போது அவை நுனிப்பக்கமாக நகர, தடித்த பகுதி வளையத்துக்குள் நெருக்கிக்கொண்டு ஏறுகிறது, கட்டு இறுகுகிறது. அதற்கும் மசியாவிட்டால் நடுவே ஒரு குச்சியை ஆப்பாக அறைவார்கள். தெருக் கூட்டுபவர்கள் இதையே ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். கட்டின் நடுவில் மூங்கில் கம்பையே இறக்கி, மேலே கம்பியையோ பழைய சைக்கிள் டியூபின் பட்டையையோ சுற்றிக் கட்டினால் கம்பே ஆப்பு, கம்பே காம்பு. காசில்லாமல் கிடைத்த அருமையான வடிவமைப்பு அது. கடைக்கு வரும் பொருளும் இந்த வழியே போகலாம். உலக்கைக்குப் போடும் பூணைப் போல ஒரு பூண், ஆனால் கூம்பாக, குறுகிய வாய் நுனிப்பக்கம் இருக்கும்படி. துடைப்பத்தை இழுக்க இழுக்கக் கட்டு அதில் தானாக நெருங்கும். மேலே கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை இறுக்கும் திருகுப் பட்டை ஒன்று. ஈர்க்கு உதிர்ந்தால் ஸ்க்ரூடிரைவரால், அதுவும் இல்லையென்றால் நாணயத்தால், ஒரு சுற்று இறுக்கிக்கொள்ளலாம்.

பிடியின் பருமனுக்கு வந்தால், கை முழுதாகச் சுற்றிப் பிடிக்க 30 முதல் 40 மி.மீ. விட்டம் சௌகரியம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. கடை மாப்பின் குழாய் 20 மி.மீ.யைச் சுற்றித்தான் இருக்கிறது. மெல்லிய பிடியை இறுகப் பிடிக்க விரல்கள் கூடுதலாக உழைக்கின்றன. சைக்கிள் ஹாண்டில்பாரின் விட்டம் 22 மி.மீ. என்பதால் சைக்கிள் கடை ரப்பர் பிடி பல குழாய்களில் அப்படியே ஏறிக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை. அமெரிக்காவில் 1990இல் ஆக்ஸோ நிறுவனத்தின் தடித்த கறுப்புப் பிடி போட்ட சமையலறைக் கருவிகள் வந்தன. சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதத்தால் சிரமப்பட்ட தம் மனைவி பெட்சிக்குக் காய் தோல் சீவுவது கடினமாக இருப்பதைக் கண்டு தொடங்கிய வேலை அது. வடிவமைப்புப் பள்ளிகளில் எல்லோரும் சொல்லும் கதை இது.

வேலூரின் கதை அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தினார். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப்போன கை தன்னையறியாமல் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்று காட்டியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. வலி தெரியாத கை ஒரு பிடியைத் தேவைக்கு மேல் அழுத்திப் பிடிக்கும். குறுகிய விளிம்பில் அந்த அழுத்தம் முழுவதும் இறங்கினால் தோல் பிய்யும். ஆகவே பிடியைத் தடிக்கச் செய்து, துணியோ ரப்பரோ சுற்றி, அழுத்தத்தை உள்ளங்கை முழுக்கப் பரப்புவது தொழுநோய் மறுவாழ்வில் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று. கரண்டிக்கும் அரிவாளுக்கும் துடைப்பத்துக்கும் அது பொருந்தும். விரல் மடங்காதவர்களுக்குப் பிடியோடு சேர்த்து உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டை போட்டால், பிடிக்காமலே கருவி கையில் நிற்கும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ‘ஒரே காம்பு, பல தலை’ என்ற மேலைநாட்டு எண்ணம் நம் வீட்டு வாசலில் தடுக்கும். வாசலுக்கு ஒரு துடைப்பம், கூடத்துக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்பது ஏற்பாடு. கழிப்பறைப் பிரஷை மாட்டிய காம்பு மறுநாள் அடுக்களையில் நுழைய எந்த வீடும் சம்மதிக்காது. பூஜை அறைக்குப் பக்கம் வரவே முடியாது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாகாது. தீட்டு என்ற பெயரில் மனிதர்களைப் பிரித்தது ஒரு கேவலம், கழிப்பறைத் தண்ணீரையும் சமையல் தரையையும் பிரிப்பது வேறு விஷயம். ஒரு வீட்டுக்கு ஒரு காம்பு என்று எண்ணுகிற வடிவமைப்பாளர் குறைந்தது இரண்டு நிறத்திலாவது செய்ய வேண்டும்.

வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கையே விட்டுவிட்டால் விஷயம் எளிதாகிறது. மல்லேஸ்வரத்தில் காலை ஆறரைக்குத் தொடங்கி நாலைந்து வீடு பெருக்கித் துடைக்கிற பெண்ணுக்கு ஒவ்வொரு வீட்டிலும் வேறு துடைப்பம், வேறு நீளம். துடைப்பத்தை வாங்குபவர் வீட்டுக்காரர், வளைவது இவர் முதுகு. துடைப்பத் தலை சில மாதத்தில் தேய்ந்து போவது, அது வீட்டுடையது. காம்பு பல வருடம் உழைப்பது, அதை உழைப்பவருடையதாக ஆக்கலாம். கொத்தனார் கரணையையும் தையல்காரர் கத்தரியையும் தம்முடையதாக வைத்துக்கொள்வதுபோல, வீட்டு வேலை செய்பவருக்கும் தம் உயரத்துக்கு அமைத்த ஒரு காம்பு. கழிப்பறைப் பிரஷுக்கு அவரவர் வீட்டுக் காம்பே இருக்கட்டும். சம்பளத்தோடு சேர்த்து வாங்கித் தரவேண்டியது யார் என்பதில் தகராறு வரும். வாங்குவதற்கு ஆகும் செலவு ஒரு பண்டிகைப் புடவையைவிடக் குறைவாகவே இருக்கும்.

அப்படி ஒரு காம்பு கையோடு எடுத்துப் போகத்தக்கதாக இருக்க வேண்டும். அரை மீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் குழாய், வெளிக்குழாயின் விட்டம் 22 மி.மீ., சுவர் 1.2 மி.மீ. என்று எடுத்தால் குழாய்கள் இரண்டும் 200 கிராம்தான். பூண், பட்டை, மடிப்புக்கான மூட்டு, ரப்பர் பிடி எல்லாம் சேர்ந்து முன்னூறைத் தாண்டாது. சுருக்கினால் இரண்டடிக்கும் உள்ளே, ஒயர் கூடையில் கொஞ்சம் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். மூட்டை நேராக்கிவிட்டால் கட்டிலுக்கு அடியிலும் போகும். எல்லோரும் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்வதற்கில்லை. குனிந்து கூட்டினால்தான் மூலை சுத்தமாகும் என்ற எண்ணம் வீட்டுக்காரரிடமும் உண்டு, கூட்டுபவரிடமும் உண்டு. நீளக் காம்பைக் கண்டால் வேலையில் அலட்சியம் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் நாலு நாள் கை பழகாமல் தூசி இறைபடவும் செய்யும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. குழாயின் கீழ்முனையில் ஒரு சிறு துளை இருந்தால் உள்ளே போன தண்ணீர் வடிந்துவிடும். வேலை முடிந்ததும் ஆணியில் தொங்கவிட்டால் ஸ்பிரிங் துருப்பிடிக்காது. பொத்தானுக்கான பதினொரு துளைகளில் தமக்கு எது சரி என்பதை இரண்டு மூன்று நாள் கூட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்ததும் அந்தத் துளைக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டால், இடையில் வேறு யாராவது எடுத்து நீளத்தை மாற்றி வைத்திருந்தாலும் காலையில் தேட வேண்டியதில்லை.